எண்பத்து நான்கு கண்ணி

நான் பின்னிய முதல் தொப்பி கூம்பாக வந்தது. தலையில் வைத்துப் பார்த்தால் பிறந்தநாள் வீட்டில் கொடுக்கும் காகிதத் தொப்பி. தம்பி சிரித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். "அதோ நிக்குதே, அதைப் பார்த்துதான் செஞ்சியா?"

அவன் காட்டியது சயனைடு மேட்டை. கோலார் தங்கவயலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மேடுகளில் ஒன்று கண்ணில் படும். பூமிக்கடியிலிருந்து ஏற்றிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். தலைக்கும் அதையே போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

தொப்பி அப்பாவுக்கு. அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பேரெடுத்த இடம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது, அப்பாவுக்கு 41. வெயிலே படாமல் இருந்த தலை அதற்கப்புறம் பெங்களூரில் ஒரு அடுக்குமாடியின் கேட்டருகே வாட்ச்மேனாகப் பதினெட்டு வருஷம் வெயிலில் நின்றது. இப்போது வீட்டில் இருக்கிறார். ஆனாலும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்துதான் போவார். கடையில் வாங்கிக் கொடுத்த கேப் நெற்றியை மட்டும் மறைத்தது. காதும் பிடரியும் காய்ந்தன. சுற்றிலும் விளிம்பு வைத்த துணித் தொப்பி வாங்கினால், புழுங்குகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டார். பருத்தி நூலில் காற்றோட்டமாக ஒன்று பின்னினால் என்ன என்று தோன்றியது அப்படித்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின் தெருவில் இருக்கும் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். அவர் வீட்டில் டிவி மேல், ஸ்டூல் மேல், மாதா படத்துக்குக் கீழே, தண்ணீர்க் கூஜாவின் வாயில் என்று எங்கும் குரோஷாப் பின்னல்தான். கூஜா மூடியின் ஓரத்தில் மணி கோர்த்திருப்பார், காற்றில் பறக்காமல் இருக்க. ஊசி பிடிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குக் கான்வென்ட் கன்னியாஸ்திரீகள்.

எங்கள் ஊரில் இது ஆச்சரியமில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. பின்னாலேயே கிளப் வந்தது, கோல்ஃப் மைதானம் வந்தது, மணி வைத்த சர்ச்சுகளும் கான்வென்டுகளும் வந்தன. ஊருக்கே குட்டி இங்கிலாந்து என்று பெயர். பாறையை உடைக்க வடஆற்காடு, சேலம் பக்கமிருந்து எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் வந்தார்கள். இறங்கி வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது தட்டி வீடும் நுரையீரல் நோயும் என்றால், வீட்டிலிருந்த பெண்களில் சிலருக்குக் கிடைத்தது இந்தக் கொக்கி ஊசி. ஆந்திராவின் நரசாபூரில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் பெரிய தொழிலாகவே வேரூன்றிவிட்டது. நாகர்கோவிலில் 1820-களிலேயே மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசி வேலை இல்லை, கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது. தங்கவயலில் குரோஷா தொழிலாகவில்லை. ரேடியோ மேல் போட்ட விரிப்போடு நின்றுவிட்டது.

"பூ கட்டத் தெரியுமா?" என்றுதான் டீச்சர் முதல் நாள் கேட்டார்.

தெரியும் என்றேன், பெருமையாக.

"அதான் பிரச்சினை. பூ கட்டுற கை இழுத்து இறுக்கும். இங்க இறுக்குனா அடுத்த சுத்துல ஊசி நுழையாது."

ஒரு வாரம் வெறும் சங்கிலி. இடது கையில் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல் மேலாக விட வேண்டும். அந்த விரல்தான் குழாய். திறந்தால் நூல் ஓடும், மடக்கினால் நிற்கும். வலது கையில் ஊசி. கொக்கியால் நூலைக் கொத்தி, ஏற்கெனவே இருக்கும் வளையத்துக்குள்ளே இழுத்தால் ஒரு கண்ணி. என் முதல் சங்கிலியில் ஒரு கண்ணி கடுகு, அடுத்தது கொண்டைக்கடலை. டீச்சர் அதை விரலால் நீவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நுனியைப் பிடித்து இழுத்தார். இரண்டு முழம் சங்கிலி இரண்டு நொடியில் வெறும் நூலாகத் தரையில் கிடந்தது. "நூல் வீணாகலை, பாரு. மறுபடி போடு."

கூம்பு வந்த கதை இனிமேல்தான். நான் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி வொயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறவள். சுரங்கம் மூடியபின் ஊரில் பாதிப் பேரின் பிழைப்பு இந்த ரயில்தான். டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: நடுவில் வளையம், அதில் ஆறு டபுள் குரோஷே, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டிக்கொண்டே போ. கூட்டுவது என்றால் ஒரே கண்ணியில் இரண்டு போடுவது. இது தட்டையான வட்டமாக வரும். அதுதான் தொப்பியின் உச்சி. திங்கட்கிழமை ரயிலில் உட்கார்ந்ததும் டபுள் குரோஷே எப்படிப் போடுவதென்று மறந்துபோயிற்று. போனில் ஒரு வீடியோவைத் திறந்தேன். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அழகாக, நிதானமாகக் காட்டினார். ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்று, நுழை, இழு, இரண்டில் எடு, மறுபடி இரண்டில் எடு. அப்படியே போட்டேன். மூன்று நாளில் சயனைடு மேடு தயார்.

டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "இது இன்னாடி இது? நான் டபுள் சொன்னா நீ ட்ரெபிள் போட்டிருக்க!"

இல்லை, டபுள்தான் என்று போனைக் காட்டினேன். அவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். "அந்தம்மா போடறது ட்ரெபிள்" என்றார், அசையாமல்.

இருவரும் சரி. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதை இங்கிலீஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள். அமெரிக்கர்களின் டபுள், இங்கிலீஷ்காரர்களின் ட்ரெபிள். டீச்சரின் கணக்கு எளிது: கண்ணியை முடிக்கும் முன் ஊசி மேல் இரண்டு வளையம் இருந்தால் டபுள், மூன்று இருந்தால் ட்ரெபிள். அமெரிக்கக் கணக்கில், வளையங்களுக்குள் எத்தனை தடவை இழுத்து முடிக்கிறோம் என்று பார்த்தால், ஒரு தடவை இழுப்பது சிங்கிள், இரண்டு தடவை இழுப்பது டபுள். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமான பிறகும் டீச்சரின் ஊசிமுனையில் அவன் நாட்டுக் கணக்கு அப்படியே நிற்கிறது. என் போனுக்கோ அது தெரியாது. "பேரை விடு. எவ்ளோ உயரம் வருதுன்னு பாரு" என்றார்.

அந்த உயரத்தில்தான் கூம்பின் ரகசியம் இருந்தது. டீச்சர் ஒரு வளையலைத் தரையில் வைத்துச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு வட்டம். பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்தும் அதையே செய்தார். "வெளி வட்டத்துக்கு எவ்ளோ நூல் அதிகமா வேணும்?" நூலை வைத்து அளந்தேன். வளையலுக்கும் தட்டுக்கும் கூடுதல் ஒரே அளவுதான்: ஆறு விரல், அதற்கு மேல் ஒரு துளி. பள்ளியில் படித்த இரண்டு பை ஆர் அது, 6.28. டீச்சரின் டபுள் என்ற குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக விரிகிறது. ட்ரெபிள் என்ற நெட்டைக் கண்ணியின் உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு; அதற்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நான் நெட்டையைப் போட்டுவிட்டு ஆறே ஆறு கூட்டினேன். விரிய நூல் போதாமல் அது மேலே எழும்பி நின்றுவிட்டது. பரீட்சையில் இரண்டு பை ஆரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது எதற்கென்று தெரிந்தது டீச்சர் வீட்டுச் சிவப்புத் தரையில்.

அடுத்த முயற்சி தட்டையாக வந்தது, ஆனால் வட்டமாக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு மேல் கூட்டியதால் ஆறு மூலை முளைத்துத் தேன்கூட்டுக் கட்டமாக நின்றது. கூட்டும் இடத்தை ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று தள்ளிப் போட்டால் மூலை கரைந்துவிடும். செங்கல் அடுக்கும் கொத்தனார் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் பார்ப்பது மாதிரி.

அப்பாவின் தலையை டேப்பால் அளந்தேன், 22 அங்குலம். சிக்பேட்டையில் வாங்கிய தடித்த பருத்தி நூலும் 4 மி.மீ. ஊசியும் என் கையில் அங்குலத்துக்கு நான்கு கண்ணி கொடுத்தன. அப்படியானால் 88. ஆறின் மடங்கில் பக்கத்திலிருப்பது 84 அல்லது 90. "பருத்தி போடப் போட இளகும். 84-லயே நில்லு" என்றார் டீச்சர். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று பதினான்காவது சுற்றில் 84 வந்தது. ஏழு அங்குல வட்டம். அதற்குப் பிறகு கூட்டக் கூடாது. கூட்டுவதை நிறுத்திய இரண்டாவது சுற்றிலேயே ஓரம் கீழே மடங்க ஆரம்பித்தது. நாலாவது சுற்றில் கிண்ணமாயிற்று. கைகள் புதிதாக எதையும் செய்யவில்லை, செய்துகொண்டிருந்ததை நிறுத்தின, அவ்வளவுதான்.

சுவர் நான்கு அங்குலம், பதினாறு சுற்று, ஒவ்வொன்றிலும் 84. இதுதான் சலிப்பான பகுதி. ஆகவே தப்பு நடப்பதும் இங்கேதான். சுற்று தொடங்கும் கண்ணியில் ஊக்கு குத்திவைத்துக்கொண்டு பின்னுவேன். ரயில் பங்காருபேட்டையில் நின்றால் டீ, காபி, இட்லி என்று கூச்சல். ஏறுகிறவர்களுக்கு நகர்ந்து இடம்விட வேண்டும். 51-இல் இருந்தேனா, 57-இல் இருந்தேனா? வீட்டுக்கு வந்து எண்ணினால் 83.

ஒரு ராத்திரி இப்படி எண்ணித் திண்டாடிக்கொண்டிருந்தபோது அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ பின்னு. நான் எண்றேன்."

அவர் எண்ணுவதை அன்றுதான் கவனித்தேன். வாய் அசையவில்லை. பத்துக்கு ஒரு முறை கட்டைவிரல் மட்டும் அடுத்த விரல்கணுவுக்கு நகர்ந்தது. டிவியில் செய்தி ஓடியது, அம்மா கேள்வி கேட்டார், அவர் பதில் சொன்னார். எண்ணிக்கை மட்டும் நழுவவில்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றேன்.

"பாறையில பன்னெண்டு துளை போட்டு மருந்து வச்சா, தள்ளிப் போய் நின்னு பன்னெண்டு சத்தம் எண்ணணும். பதினொண்ணு கேட்டா ஒண்ணு வெடிக்காம உள்ள இருக்குதுன்னு அர்த்தம். தெரியாம அடுத்த ஷிப்ட்டுக்காரன் அதுல ட்ரில்லை வச்சான்னா..." அதோடு நிறுத்திவிட்டார். பிறகு, "83-லதான் இருக்க. இன்னும் ஒண்ணு போடு" என்றார்.

அதற்குப் பிறகு சுவர் முழுவதும் ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

விளிம்பு வேறு கதை. கண்ணியின் தலையில் சடை மாதிரி இரண்டு இழை இருக்கும். விளிம்பின் முதல் சுற்றை முன்னிழையில் மட்டும் போட்டால், பின்னிழை கோடாக நின்று மடிப்பு வாகாக விழும். அதுவரை சரியாகச் செய்தேன். பிறகு ஆசை. நன்றாக விரியட்டும் என்று மூன்றாவது மூன்றாவது கண்ணியில் கூட்டினேன். 84 அடுத்த சுற்றிலேயே 112, அதற்கடுத்த சுற்றில் 149. தொப்பியின் ஓரம் குழந்தை கவுனின் ஃப்ரில் மாதிரி அலை அலையாகச் சுருண்டது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல சேர்ந்துடறேன்" என்றார்.

அந்தச் சுருட்டையிலும் ஒரு பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது என்று பிறகு படித்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997-இல் இதே மாதிரி அளவுக்கு மீறிக் கூட்டிக்கொண்டே போய்க் குரோஷாவில் ஒரு வடிவம் பின்னினார். தாளில் வரைந்து காட்டச் சிரமமான, எல்லாப் புள்ளியிலும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்துகொண்டே போகும் அதிபரவளையத் தளத்தை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்க அது வழிசெய்தது. டீச்சரிடம் இதைச் சொன்னேன். "நல்லா இருக்கட்டும். அவங்க அதை அப்பன் தலையில வைக்கலையே" என்றார்.

பிரித்தோம். சரியான கணக்கை அவரே சொன்னார்: ஆறாவது ஆறாவது கண்ணியில் கூட்டு, 98 வரும். ஒரு சுற்று சும்மா. அடுத்து ஏழாவது ஏழாவதில், 112. ஒரு சுற்று சும்மா. எட்டாவது எட்டாவதில், 126. இரண்டு சுற்றுக்குப் பதினான்கு என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு. தட்டையாவதற்குத் தேவையான ஆறைவிட ஒரு பிடி அதிகம். அலை எழாது, தொங்கவும் தொங்காது. நான் அதோடு நிற்காமல் 140, 154 என்று பத்துச் சுற்று போட்டேன். இரண்டரை அங்குல விளிம்பு. மேஜையில் வைத்தால் கம்பீரமாக இருந்தது.

அப்பா போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நாலு அடி நடந்தார், கழற்றினார். மறுபடி போட்டார், கழற்றினார்.

"மேல பார்க்க முடியலம்மா."

மேலே பார்க்க என்ன இருக்கிறது, வானம்தானே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னார்: "அவருக்குப் பழக்கம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல கூரையைத்தான் பார்ப்பாரு." தங்கவயல் சுரங்கங்கள் ராக் பர்ஸ்டுக்குப் பேர்போனவை. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறும்; மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். உள்ளே இருப்பவன் தலைக்கு மேலிருக்கும் பாறையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 வருஷம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு முன்னால் நான் இரண்டரை அங்குலத் திரையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

நான்கு சுற்றைப் பிரித்தேன்: 588 கண்ணி. மூன்று ராத்திரி வேலை, காபி ஆறுவதற்குள் போய்விட்டது. 126-லேயே நிறுத்தி, கடைசிச் சுற்றுக்கு டீச்சர் நண்டுப் பின்னல் சொல்லிக்கொடுத்தார். வழக்கமாக வலமிருந்து இடமாகப் போகும் கை, இதில் இடமிருந்து வலமாக நண்டு மாதிரி பின்வாங்கிப் போகும். ஓரத்தில் கயிறு முறுக்கியது போல் ஒரு வரம்பு விழுந்து விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. நாலு நாள் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கடைசியாகக் கஞ்சி. அந்தக் காலத்தில் விரிப்புகளைச் சர்க்கரைப் பாகில் முக்கி விறைப்பாக்குவார்களாம். "அப்புறம் எறும்பு வந்து குடியிருக்கும், நீ அரிசிக் கஞ்சியே போடு." வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கி, விளிம்பை மட்டும் நனைத்துப் பிழிந்து, ஏதாவது உருண்டையான பொருளின் மேல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எனக்கு உடனே ஒரு யோசனை. பரண்மேல் அப்பாவின் சுரங்க ஹெல்மெட் இருக்கிறது, முன்னால் விளக்கு மாட்டும் கொக்கியோடு. இதைவிடப் பொருத்தமான அச்சு எது? தூசி தட்டி, தொப்பியை அதன் மேல் இழுத்து மாட்டினேன். போட்டோகூட எடுத்தேன்.

காய்ந்ததும் தொப்பி அப்பாவின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. ஹெல்மெட் என்பது தலையின் அளவு அல்ல. தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே அடி தாங்க இடைவெளி விட்டிருப்பார்கள். ஊறவைத்து, துவைத்து, மறுபடி கஞ்சி போட்டு, இந்தத் தடவை அம்மா சாம்பார் வைக்கும் ஏழு அங்குலக் குண்டானின் மேல் கவிழ்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மடியில் வைத்து, ஊசிமுனையால் விளிம்பை ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். நான் சுவரில் பல்லி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"125 இருக்குது."

எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும். விளிம்பின் கடைசிச் சுற்றைப் பின்னியது ரயிலில். பங்காருபேட்டை. இட்லிக்காரர் என் தோள் மேலாகப் பொட்டலம் நீட்டிய நேரம்.

"பிரிக்கணுமா, டீச்சர்?"

இன்னொரு முறை தொப்பியைச் சுற்றிப் பார்த்தார். "உச்சியில விட்டிருந்தா பிரின்னுதான் சொல்லியிருப்பேன். இது ஓரம். போகட்டும்."

அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் மார்க்கெட் போகிறார். மழையில் நனைந்தால் கஞ்சி கரைந்து விளிம்பு தொங்கிவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை குண்டான் எனக்கு வேண்டியிருக்கிறது. முன்பக்க விளிம்பை மட்டும் அவர் நெற்றிக்கு மேலாக மடித்துவிட்டுக்கொள்கிறார். டீச்சர் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்.

"அடுத்ததுல முன்னால ரெண்டு சுத்துக் கம்மியா போடு" என்றார்.

நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.